625001: மாகாணிக் கோடியும் ஒன்றும்

மதுரையில் பிளஸ் டூ படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி இது: “எங்கள் வீட்டு முகவரியில் உள்ள பின்கோடு 625001 ஒரு பகா எண்ணா? 2, 3, 5, 7, 11 வரை வகுத்துப் பார்த்தேன். எதனாலும் மீதியின்றி வகுபடவில்லை. ஒன்றை இந்த எண்ணால் வகுத்தால் கால்குலேட்டர் 1.59999744 என்று தொடங்கி, பத்தின் மைனஸ் ஆறாம் அடுக்கில் ஒரு விடை காட்டுகிறது. 1.6 என்று வர வேண்டியது கால்குலேட்டரின் பிழையால் இப்படி வருகிறதா? இந்த எண்ணுக்குக் கணிதத்தில் தனிச்சிறப்பு ஏதாவது உண்டா?”

ஒரு படி முன்னதாகவே நிறுத்திவிட்டீர்கள், தம்பி. 11-க்கு அடுத்த பகா எண் 13. அங்கேயே எண் உடைந்துவிடுகிறது:

625001 = 13 × 131 × 367

ஆக, இது பகு எண். கால்குலேட்டரில் பிழை எதுவும் இல்லை; அது காட்டுவது மிக அழகான ஓர் ஒழுங்கின் முதல் துண்டு. தனிச்சிறப்பு பற்றிய கேள்விக்குத்தான் பதில் நீளும். இந்த எண்ணை மட்டும் தனியே வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிதான் தெரியும். அக்கம்பக்கத்து எண்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் அஞ்சல் பிரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணிதப் பட்டம் கையில் இருந்தும் பின்கோடுதான் எனக்குச் சோறு போட்டது. அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்கோடு ஓர் எண் போலத் தோன்றும் பெயர். மத்திய தகவல் தொடர்பு அமைச்சக அதிகாரி வேலங்கர் வகுத்துக் கொடுத்த இந்த முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் தபாலைப் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தை. பிரிப்பவர் இடமிருந்து வலமாகப் படிப்பார். கணிதக்காரர் பெரும்பாலும் வலக்கோடியிலிருந்து தொடங்குவார், ஏனென்றால் இரண்டால் வகுபடுமா, ஐந்தால் வகுபடுமா என்பதைக் கடைசி இலக்கம்தான் சொல்லும். ஒரே ஆறு இலக்கங்களை இரண்டு தொழில்காரர்கள் எதிரெதிர்த் திசையில் படிக்கிறார்கள். அஞ்சல் துறைக்கு 13-ஐப் பற்றியோ 131-ஐப் பற்றியோ எந்தக் கவலையும் இல்லை. கீழே நான் சொல்வதெல்லாம் எண்ணின் குணம். மாசி வீதிகளின் குணம் அல்ல.

முதலில் 625000-ஐப் பாருங்கள். ஒரு கோடியைப் பதினாறால் வகுத்தால் கிடைப்பது 6,25,000. பதினாறில் ஒரு பங்குக்கு நம் பழைய கணக்கில் மாகாணி என்று பெயர். வீசம் என்றும் சொல்வார்கள். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதிபாதியாக இறங்கும் கணக்கு அது. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தபோது ஓர் அணா என்பது ரூபாயின் மாகாணி. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததும் அந்த ஓரணா ஆறேகால் பைசாவானது. 6.25 என்ற அந்த இலக்கங்கள்தான் இங்கேயும் நிற்கின்றன. ஆகவே மதுரைத் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு மாகாணிக் கோடிக்கு மேல் ஒன்று.

கோடி என்பது 2⁷ × 5⁷. அதிலிருந்து 16, அதாவது 2⁴ போனால் எஞ்சுவது 2³ × 5⁷. எனவே 625000-இன் உள்ளே இரண்டும் ஐந்தும் தவிர வேறு எந்தப் பகா எண்ணும் இல்லை. இவ்வளவு பெரிய எண்ணுக்கு இவ்வளவு எளிய உடல் அமைவது அபூர்வம். அதோடு ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகிறது? அடுத்தடுத்த இரண்டு முழு எண்களுக்கு 1 தவிர வேறு பொதுக் காரணி இருக்க முடியாது. ஆகவே பழைய உடலின் ஒரு துளிகூட 625001-இல் மிஞ்சவில்லை. இரண்டும் இல்லை, ஐந்தும் இல்லை. முழுக்க முழுக்கப் புதிய பகா எண்கள். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் காட்டியதும் இந்த ‘ஒன்றைக் கூட்டு’ என்ற உத்தியால்தான். கூட்டலுக்கு ஒன்று என்பது மிகச் சிறிய அடி. பெருக்கலின் கண்ணுக்கு அது வேறு ஊர்.

இனி 13-ஐக் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி. 7 × 11 × 13 = 1001 என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆறிலக்க எண்ணை மும்மூன்றாக வெட்டி ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். 625, 001, வித்தியாசம் 624. இந்த 624-ஐ 7, 11, 13 ஆகியவற்றில் எது வகுக்கிறதோ, அது முழு எண்ணையும் வகுக்கும். 7 × 89 = 623, ஒன்று மிச்சம். 11 × 56 = 616, எட்டு மிச்சம். 13 × 48 = 624, மிச்சமில்லை. ஒரே கழித்தலில் மூன்று பகா எண்களுக்கும் தீர்ப்பு கிடைத்துவிட்டது. ஏன் இப்படி என்றால், 625001 = 624 × 1000 + 1001 என்று எழுதலாம். முதல் துண்டு 13 × 48000, இரண்டாவது 13 × 77. கூட்டினால் 13 × 48077. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் 7-க்கும் 13-க்கும் தனித்தனியே சிக்கலான விதிகளை மனப்பாடம் செய்வதைப் பார்க்கிறேன். 1001 ஒன்று போதும்.

48077 மேலும் உடையுமா? இதன் வர்க்கமூலம் 219-க்கும் 220-க்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே 219-க்குள் காரணி எதுவும் அகப்படாவிட்டால் அது பகா எண்ணாகிவிடும். 13-ஐயே மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும், மீதி 3. அடுத்து 17, மீதி 1. 19-இல் மீதி 7, 23-இலும் 7. இப்படியே ஏறிக்கொண்டு போனால் 101-இல் மறுபடியும் மீதி 1. மயிரிழையில் தவறுகிறது. காரணத்தைத் தேடினால், பக்கத்து எண்ணான 48076-இன் காரணிகள் 4 × 7 × 17 × 101. அதனால்தான் 7, 17, 101 மூன்றும் இங்கே ஒன்றை மிச்சம் வைக்கின்றன. 103, 107, 109, 113, 127 ஆகியவையும் ஏமாற்றிவிட, 131-இல் கணக்கு நேராகிறது: 131 × 367 = 48077. 13 தொடங்கி இதுவரை 27 வகுத்தல்கள். காகிதத்தில் செய்தால் ஒரு தேநீர் ஆறிப்போகும் நேரம்.

367 பகா எண்தானா என்று இனிமேல் சோதிக்கத் தேவையில்லை. 131-க்குக் குறைந்த பகா எண்கள் எல்லாம் ஏற்கெனவே தோற்றுவிட்டன. 131-இன் வர்க்கமோ 367-ஐவிட மிகப் பெரிது. உழைப்பின் பலன் இப்படித்தான் கடைசியில் வட்டியோடு வந்து சேரும்.

மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல் என்ற வகையில் இது 1729-க்கு உறவு. இராமானுஜனின் அந்த எண் 7 × 13 × 19. அதிலும் 13 உண்டு. இப்படிப்பட்ட எண்ணுக்கு எப்போதும் எட்டுக் காரணிகள்தாம். இங்கே அவை 1, 13, 131, 367, 1703, 4771, 48077, 625001. தன்னைத் தவிர்த்த மற்ற ஏழின் கூட்டல் 55,063. எண்ணின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 625001-க்குக் கீழே உள்ள எண்களில் அதனுடன் சார்பகா எண்களாக, அதாவது 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவையாக, இருப்பவை 12 × 130 × 366 = 5,70,960. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. சுருங்கச் சொன்னால் யாரோடும் அதிகம் ஒட்டாத எண்.

இப்போது கால்குலேட்டர் விவகாரத்துக்கு வருவோம். இந்த எண்ணின் உண்மையான அழகு எனக்கு இங்கேதான் தெரிகிறது. ஒன்றை 625000-ஆல் வகுத்தால் 0.0000016, ஏழு இடத்தில் தசமம் முடிந்துவிடும். மாகாணிக் கோடியாயிற்றே, பதினாறு வராமல் எப்படி? கீழே ஒன்று கூடியதும் விடை சற்றுக் குறைய வேண்டும். எவ்வளவு? முதலில் 256 அளவுக்குக் குறைக்க வேண்டும். அது சற்று அதிகமாகிவிடும். எனவே 4096 அளவுக்குத் திரும்பக் கூட்ட வேண்டும். பிறகு 65536 அளவுக்குக் கழிக்க வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏழு தசம இடங்கள் தள்ளி வந்து உட்காரும். 16-இன் அடுக்குகள் கூட்டலும் கழித்தலுமாக மாறி மாறி வரும் பெருக்குத் தொடர் அது. உங்கள் பதினோராம் வகுப்புப் பாடத்தில் உள்ளதேதான். விரித்து எழுதினால் இப்படி வரும்:

0.0000015999974400040959934464…

இடையில் 744 என்று தெரிவது ஆயிரத்திலிருந்து 256 போன மிச்சம். 4096 கொஞ்சம் தேய்ந்து 40959… ஆகியிருக்கிறது. கால்குலேட்டர் தன் திரைக்குள் அடங்கியதை மட்டும் காட்டியது.

இந்தத் தசமம் முடியவே முடியாது, சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு சுற்றின் நீளம் என்ன? 9, 99, 999 என்று ஒன்பதுகளாலேயே ஆன எண்களில் எது முதன்முதலில் 625001-ஆல் வகுபடுகிறதோ, அதில் எத்தனை ஒன்பதுகள் உள்ளனவோ அதுதான் நீளம். 13-க்கு ஆறு ஒன்பதுகள் போதும்: 999999 = 13 × 76923. 131-க்கு 130 ஒன்பதுகள் வேண்டும். 367-க்கு 366 ஒன்பதுகள். ஒரு பகா எண்ணுக்கு அதைவிட ஒன்று குறைவான நீளம்தான் உச்சவரம்பு. 131, 367 இரண்டுமே அந்த உச்சத்தைத் தொடுகின்றன. 13 தொடவில்லை, பாதியிலேயே சுற்றை முடித்துக்கொள்கிறது. மூன்றும் ஒன்றுசேரும் இடம் 6, 130, 366 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு: 23,790. ஏழு இடத்தில் நின்றுவிட்ட தசமம், கீழே ஒன்று கூடியதும் 23,790 இலக்கங்களுக்கு ஒருமுறைதான் திரும்பி வருகிறது. இப்படி உச்ச நீளச் சுழற்சி தரும் பகா எண்கள் முடிவின்றி இருக்கின்றனவா என்ற கேள்விக்கு இன்னும் நிரூபணம் கிடையாது. இருக்கின்றன என்பது எமில் ஆர்ட்டின் 1927-இல் முன்வைத்த ஊகத்திலிருந்து வரும் முடிவு. பிளஸ் டூ மாணவர் புரிந்துகொள்ளக்கூடிய, உலகில் எவராலும் இதுவரை தீர்க்க முடியாத கேள்விகளில் ஒன்று.

‘தனிச்சிறப்பு’ என்று கேட்டீர்கள். இலக்கங்களைக் கூட்டி 14, அதைக் கூட்டி 5, ஐந்து புதனுக்கு உரியது என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. அந்த ஐந்துக்குக் கணிதத்தில் ஒரே ஒரு பொருள்தான்: 625001-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி 5. அதற்கு மேல் எதுவும் இல்லை. தற்செயலுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. முந்தைய எண்ணை இரட்டித்து அதற்கும் முந்தையதைக் கூட்டிக்கொண்டே போகும் 1, 2, 5, 12, 29, 70, 169, 408 என்ற வரிசையில் அடுத்து வருவது 985. அதற்குப் பெல் வரிசை என்று பெயர். 1393-ஐ 985-ஆல் வகுத்தால் இரண்டின் வர்க்கமூலம் ஆறு தசம இடம் வரை சரியாக வரும். மண்டபம் கட்டியவர்கள் இதை நினைத்துத் தூண் நட்டார்கள் என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். எந்த எண்ணைப் பிழிந்தாலும் ஏதாவது சொட்டும். அது வேறு எதோடு இணைகிறது என்பதுதான் கேட்க வேண்டியது.

ஆகவே பக்கத்து எண்களுக்குப் போவோம். மதுரையின் 625001 முதல் 625023 வரையிலான இருபத்து மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த உயரத்தில் ஏறக்குறைய பதின்மூன்று எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும் என்பது பகா எண் தேற்றம் தரும் சராசரி. 1896-இல் அடமார், வல்லே புசான் இருவரும் தனித்தனியே நிரூபித்த தேற்றம் அது. அந்தக் கணக்குப்படி இங்கே ஒன்றோ இரண்டோ எதிர்பார்க்கலாம். இருப்பது ஒன்றே ஒன்று: கே. புதூரின் 625007. மற்ற ஒற்றைப்படை எண்கள் ஒவ்வொன்றும் எங்காவது உடைகின்றன. 625009-ஐ ஏழு வகுக்கிறது. 625013-ஐ 71 வகுக்கிறது. 625003-க்கு 113 வரை போக வேண்டும். தல்லாகுளத்தின் 625002 சில்லறையாகச் சிதறும் எண்: 2 × 3 × 7 × 23 × 647. புதூர் மட்டும் 790 வரையிலான எல்லாப் பகா எண்களையும் போட்டுப் பார்த்தாலும் அசையாமல் நிற்கிறது.

ஆனால் எனக்கு மிகப் பிடித்தது பகா எண்ணான புதூர் அல்ல. காமராசர் பல்கலைக்கழகம் இருக்கும் பல்கலை நகரின் 625021. சிறிய பகா எண்களைப் போட்டு வகுக்கத் தொடங்கினால், நூறு பகா எண்களுக்கு மேல் போட்டும் உடையாது. புதூரைப் போல இதுவும் பகா எண்தான் என்று முடிவு கட்டத் தோன்றும். நூற்றுப் பதின்மூன்றாவது பகா எண்ணான 617-இல்தான் கதவு திறக்கும்:

625021 = 617 × 1013

இரண்டுமே பகா எண்கள். இணையத்தில் பணம் அனுப்பும்போது நம் ரகசியத்தைக் காக்கப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறை நிற்பது இதே அடித்தளத்தில்தான். ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் 1977-இல் கொண்டுவந்தது அது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு பகா எண்களைப் பெருக்குவது எளிது; பெருக்குத்தொகையை மட்டும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் திணற வேண்டும். நடைமுறையில் பயன்படும் 2048 பிட் எண்களைத் தசமத்தில் எழுதினால் 617 இலக்கங்கள் வரும். மறுபடியும் 617! இதுவும் தற்செயல்தான், இருந்தாலும் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

திணறாமல் பிரிக்கவும் ஒரு வழி உண்டு, ஃபெர்மா சொன்னது. எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முயலுங்கள். 625021-இன் வர்க்கமூலம் 790-ஐச் சற்றுத் தாண்டும். 791-இல் தொடங்குங்கள். 791² = 625681; அதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 660; முழு வர்க்கம் அல்ல. 792-இல் வித்தியாசம் 2243, அதுவும் அல்ல. 793, 794 என்று ஏறிப் போங்கள். இருபத்தைந்தாவது முயற்சியில் 815 வரும். 815² = 664225. கழித்தால் 39204. அது 198-இன் வர்க்கம். அப்படியானால் காரணிகள் 815 − 198 = 617, 815 + 198 = 1013. நூற்றுப் பதின்மூன்று வகுத்தல் செய்ய வேண்டிய இடத்தில் இருபத்தைந்து வர்க்கங்களோடு வேலை முடிந்தது. இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்துக்கு அருகில் இருப்பதால் கிடைத்த சலுகை இது. ஆர்.எஸ்.ஏ. சாவி தயாரிக்கும்போது இரண்டு பகா எண்களும் ஒன்றுக்கொன்று மிக அருகில் அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் இதனால்தான்.

அடுத்து ஒரு கேள்வி: இந்த எண்களை வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? பிதாகரஸ் தேற்றம் படித்த எவருக்கும் எழ வேண்டிய கேள்வி. விதி இதுதான்: ஒற்றைப்படைப் பகா எண்கள் நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சுபவை, மூன்று மிஞ்சுபவை என இரண்டு சாதி. மூன்று மிஞ்சும் பகா எண் காரணிகளில் ஒற்றைப்படைத் தடவை வந்துவிட்டால், அந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது.

625001-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. பார்த்தால் நல்ல பிள்ளை. உள்ளே 131, 367 இரண்டும் மூன்று மிஞ்சும் வகை. மூன்றையும் மூன்றையும் பெருக்கினால் ஒன்பது. நான்கால் வகுத்தால் ஒன்று. இரண்டு குறைகள் ஒன்றையொன்று மறைத்து, வெளியே நல்ல மீதியைக் காட்டுகின்றன. காரணிப்படுத்தாமல் இந்தக் குட்டு வெளிப்படாது. ஆகவே இரண்டு வர்க்கங்களால் இயலாது. மூன்றால் இயலும்: 790² + 30² + 1². கூட்டிப் பாருங்கள்: 624100, 900, 1.

புதூரின் 625007-க்கு மூன்றும் போதாது. எட்டால் வகுத்தால் ஏழு மிஞ்சும் எந்த எண்ணையும் மூன்று வர்க்கங்களாக எழுத முடியாது. மூன்று வர்க்கங்களுக்குள் அடங்காத எண்கள் எவை என்ற முழு விதியை 1798-இல் தந்தவர் லெஜாந்தர். நான்கு வர்க்கங்கள் இருந்தால் எந்த எண்ணுக்கும் போதும் என்று 1770-இல் நிரூபித்தவர் லாக்ராஞ்ச். புதூருக்கு அந்த நான்கும் வேண்டும்: 790² + 27² + 13² + 3².

பல்கலை நகருக்கு இரண்டே போதும். அதுவும் இரண்டு விதமாக. 617 = 16² + 19². 1013 = 22² + 23². இப்படிப்பட்ட இரண்டு எண்களின் பெருக்குத்தொகையும் அதே வடிவில் அமையும் என்ற முற்றொருமை, 628-இல் எழுதிய பிரம்மகுப்தரின் பெயரால் வழங்குகிறது. அதில் இந்த எண்களை இட்டால் 789² + 50² என்று ஒன்று, 786² + 85² என்று இன்னொன்று. இரண்டும் 625021. ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களாக எழுத முடிந்தால், அதற்கு ஒரே வழிதான் உண்டு. எனவே இரண்டாவது வழி அகப்பட்ட உடனே எண் பகு எண் என்பது உறுதி. ஆய்லர் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த இரண்டு வழிகளிலிருந்தே காரணியை வெளியே எடுத்துக் காட்டினார். ஒற்றைப்படைகளை ஒரு பக்கமும் இரட்டைப்படைகளை மறுபக்கமும் வையுங்கள். 789 − 85 = 704; 786 − 50 = 736; இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 32. 789 + 85 = 874; 786 + 50 = 836; இவற்றுக்கு 38. இரண்டையும் பாதியாக்கினால் 16, 19. வர்க்கித்துக் கூட்டினால் 617. வகுத்தலே செய்யாமல் காரணி கைக்கு வந்துவிட்டது.

வர்க்கங்களுக்கு நான்கு போதும் என்றால் கனங்களுக்கும் அதற்கு மேற்பட்ட படிகளுக்கும் எத்தனை வேண்டும்? வாரிங் எழுப்பிய இந்தக் கேள்வியில் உலக அளவில் பேர் வாங்கியவர் நம் தெற்குச் சீமைக்காரர். குற்றாலம் அருகே வல்லத்தில் 1901-இல் பிறந்த சிவசங்கரநாராயண பிள்ளை. ஆறாம் படிகள் என்றால் 73 போதும் என்று 1940-இல் நிறுவினார். 1950-இல் அமெரிக்காவில் நடக்கவிருந்த கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். இராமானுஜன் பெயர் தெரிந்த அளவுக்கு அவர் பெயர் நம் பள்ளிகளில் தெரியாதது எனக்கு ஆற்றாமைதான்.

காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்க்க ஓர் எண் தருகிறேன். தேனி சாலையில் பல்கலை நகருக்கு முன்னால் வரும் நாகமலை புதுக்கோட்டையின் பின்கோடு 625019. இதுவும் இரண்டு பகா எண்களின் பெருக்கல்தான். பல்கலை நகரில் கைகொடுத்த ஃபெர்மா வழியை இங்கே பிடித்தால் 1050 வரை ஏற வேண்டும், 260 முயற்சிகள். நேராக வகுத்துக்கொண்டே போனால் எழுபத்திரண்டாவது பகா எண்ணான 359-இல் உடைந்துவிடும்; இணை 1741. ஆய்லர் வழிக்கு இங்கே இடமே இல்லை, ஏனென்றால் 625019-ஐ நான்கால் வகுத்தால் மூன்று மிஞ்சுகிறது.